நொதி கொண்டு பயோடீசல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாங்கியில், அதாவது துளைகள் நிறைந்த சிறு உருண்டை போன்ற ஒரு பொருளில், நிலைநிறுத்திய லிப்பேஸ் என்ற கொழுப்பைப் பிளக்கும் நொதியை வைத்துத் தாவர எண்ணெயைப் பயோடீசலாக மாற்றும் வேலையில் சில ஆண்டுகள் ஆய்வகத்தில் இருந்திருக்கிறேன். மாணவர்களும், சிறிய அளவில் தயாரித்துப் பார்க்க நினைப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. ஆனால் மெத்தனால் பற்றிய பதிலையும் செலவுக் கணக்கு பற்றிய பதிலையும் தாண்டிப் போய்விடாதீர்கள். இந்த முறை ஓடுவதும் படுத்துவிடுவதும் அந்த இரண்டில்தான் இருக்கிறது.

எண்ணெயை அப்படியே டீசல் எஞ்சினில் ஊற்றினால் என்ன?

ஓடும். 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு சிறிய டீசல் எஞ்சின் வேர்க்கடலை எண்ணெயில் ஓடிக் காட்டியது. ஆனால் நாள்கணக்கில் ஓட்டினால் தொல்லை ஆரம்பிக்கும். தாவர எண்ணெயின் பாகுத்தன்மை டீசலைவிடச் சுமார் பத்து மடங்கு. நாசில் அதை நுண்துளியாகத் தெளிக்க முடியாது. பாதி எரிந்தும் எரியாமலும் கரி படியும்.

எண்ணெய் மூலக்கூறு என்பது ஒரு கிளிசராலில் மாட்டியிருக்கும் மூன்று கொழுப்பமிலச் சங்கிலிகள். அந்த மூன்றையும் கழற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு மெத்தனாலை மாட்டிவிட்டால் மெத்தில் எஸ்டர் கிடைக்கும். அதுதான் பயோடீசல். 100 கிலோ எண்ணெய்க்குச் சுமார் 11 கிலோ மெத்தனால் வேண்டும். சுமார் 100 கிலோ பயோடீசலும் 10 கிலோவுக்குச் சற்று மேல் கிளிசராலும் வரும். கீழே வரும் பல கணக்குகளுக்கு இந்த எண்கள்தான் அடிப்படை.

காரம் போட்டாலே ஒரு மணி நேரத்தில் முடிகிறதே, நொதி எதற்கு?

சுத்தமான எண்ணெய் என்றால் காரத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை. எண்ணெய் எடையில் ஒரு சதவீதம் அளவுக்குச் சோடியம் ஹைட்ராக்சைடோ மெத்தாக்சைடோ, 60 டிகிரி செல்சியஸ் சூடு, ஒரு மணி நேரம். உலகில் விற்கும் பயோடீசலில் பெரும்பகுதி இப்படித்தான் தயாராகிறது.

தகராறு எண்ணெய் கெட்டுப்போயிருக்கும்போது வருகிறது. பலமுறை பொரித்த எண்ணெய், ஆலைக் கழிவு எண்ணெய் ஆகியவற்றில் கிளிசராலிலிருந்து ஏற்கெனவே கழன்றுவிட்ட கொழுப்பமிலம் இருக்கும். அது ஒரு சதவீதத்தைத் தாண்டினால் காரம் அதைச் சோப்பாக்கிவிடுகிறது. சோப்பு வந்துவிட்டால் கிளிசரால் பிரியாது, கழுவக் கழுவ நுரைக்கும், எண்ணெயில் ஒரு பங்கு கழுவுநீரோடு போய்விடும்.

லிப்பேஸ் சோப்பே உண்டாக்காது. அது மட்டுமல்ல, கழன்று கிடக்கும் கொழுப்பமிலத்தையும் மெத்தனாலோடு இணைத்து எஸ்டராக்கிவிடுகிறது. 30 முதல் 50 டிகிரி சூடு போதும். கிடைக்கும் கிளிசராலில் உப்பு கிடையாது. ஆகவே என் கருத்து இது: நல்ல எண்ணெய் கையில் இருந்தால் காரத்திலேயே செய்யுங்கள். நொதிக்கு உரிய இடம் மோசமான எண்ணெய்.

நொதியை ஏன் நிலைநிறுத்த வேண்டும்? பொடியாகவே போடக் கூடாதா?

லிப்பேஸ் எண்ணெயில் கரையாது. பொடியாகப் போட்டால் கட்டிதட்டி அடியில் உட்கார்ந்துகொள்ளும். கட்டியின் வெளிப்புறத்தில் உள்ள நொதி மட்டுமே வேலை செய்யும், உள்ளே இருப்பது வீண். வேலை முடிந்ததும் கிளிசராலோடு கலந்து போய்விடும், மீட்கவும் முடியாது. துளைகள் நிறைந்த ஒரு சிறு உருண்டையின் மேல் அதே நொதியைப் பரப்பி ஒட்டிவிட்டால் பரப்பு பெருகுகிறது, வடிகட்டி எடுத்து மறுபடி போடலாம்.

இந்த யோசனைக்கு நூறு வயது தாண்டிவிட்டது. 1916-ல் நெல்சனும் கிரிஃபினும் இன்வர்டேஸ் நொதியைக் கரியில் ஒட்டவைத்து, ஒட்டிய பிறகும் அது சர்க்கரையைப் பிளப்பதைக் காட்டினார்கள். 1969-ல் ஜப்பானின் தனபே செய்யாகு நிறுவனம் அமினோ அமிலத் தயாரிப்பில் இதைத் தொழிற்சாலைக்கே கொண்டுவந்தது. எண்ணெய்க்கு வந்தது பிறகுதான்.

ஒட்டவைக்கும் முறைகளில் எது நல்லது?

ஒன்று, வெறும் பரப்புக் கவர்ச்சி. பிளாஸ்டிக் பிசின் உருண்டையை நொதிக் கரைசலில் ஊறவைத்தால் நொதி தானாகவே ஒட்டிக்கொள்ளும். எளிது, நொதியின் வேலைத்திறனும் பெரும்பாலும் குறையாது. ஒட்டுவது போலவே கழன்றும் வரும் என்பதுதான் குறை. கிளிசரால், தண்ணீர், சோப்பு மாதிரியான பொருள்கள் கொஞ்சம் கொஞ்சமாக அதைக் கழுவி எடுத்துவிடும்.

இரண்டாவது, குளுட்டரால்டிஹைடு போன்றவற்றால் வேதிப் பிணைப்பு போட்டுக் கட்டிவிடுவது. கழன்று வராது. ஆனால் கட்டும்போதே ஒரு பங்கு நொதி செயலிழக்கும். நொதி மூலக்கூறுகளைத் தாங்கியே இல்லாமல் ஒன்றோடொன்று பிணைத்துக் கட்டியாக்கும் முறையும் இருக்கிறது. காந்தத் துகள்மேல் ஒட்டிக் காந்தத்தால் பிரித்தெடுப்பவர்களும் உண்டு.

கல்லூரி ஆய்வகங்களில் அதிகம் பார்ப்பது கால்சியம் ஆல்ஜினேட் என்ற ஜெல்லின் முத்துகளுக்குள் நொதியை அடைத்துவைப்பது. பார்க்க அழகாக இருக்கும், செலவும் குறைவு. ஆனால் எண்ணெய் வேலைக்கு இதை நான் சொல்ல மாட்டேன். ஆல்ஜினேட் முத்து முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர். எண்ணெய் மூலக்கூறு பெரியது, தண்ணீரை விரும்பாதது. அது உள்ளே போகவே சிரமப்படும். விளைச்சல் குறைந்தது என்று நொதியைக் குறை சொல்வதற்கு முன், எண்ணெய் நொதியைத் தொட்டதா என்று பாருங்கள்.

எந்த லிப்பேஸை வாங்குவது?

ஆய்வுக் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வருவது நோவோசைம் 435. கேண்டிடா அண்டார்டிகா என்ற ஈஸ்ட்டின் பி வகை லிப்பேஸை அக்ரிலிக் பிசின் உருண்டையில் ஒட்டியது. அந்த ஈஸ்ட்டைக் கண்டெடுத்தது அண்டார்டிகாவின் வான்டா ஏரியில். பனிப் பிரதேசத்து உயிரின் நொதி சூட்டை இவ்வளவு தாங்குவது எனக்கு இன்றும் வியப்புதான். விலை அதிகம், ஆனால் மூன்று சங்கிலிகளையும் கழற்றும், மெத்தனாலையும் ஓரளவு தாங்கும்.

அடுத்தது தெர்மோமைசிஸ் லானுஜினோசஸ் என்ற பூஞ்சையின் லிப்பேஸ். சலவைத்தூளில் எண்ணெய்க் கறை எடுக்க 1988-ல் விற்பனைக்கு வந்த அதே நொதி. இதைச் சிலிகா துகளில் ஒட்டி விற்கிறார்கள். விலை குறைவு. இது ஓரத்துச் சங்கிலிகள் இரண்டை மட்டுமே விரும்பிக் கழற்றும். அப்படியென்றால் விளைச்சல் மூன்றில் இரண்டு பங்கோடு நின்றுவிட வேண்டுமே என்று கேட்கலாம். நடுவில் மிஞ்சும் சங்கிலி தானாகவே ஓரத்துக்கு இடம் மாறுவதால் 90 சதவீதத்தைத் தாண்ட முடிகிறது. சிலிகா அந்த இடமாற்றத்தைத் தூண்டவும் செய்கிறது.

மெத்தனால் நொதியைக் கொல்லும் என்கிறார்களே, அப்புறம் எப்படி மெத்தனாலையே போடுகிறீர்கள்?

இந்தத் துறையின் மையக் கேள்வி இது. மெத்தனால் இல்லாமல் பயோடீசல் இல்லை. மெத்தனால் கூடினால் நொதி இல்லை.

நான் முதல்முறை செய்தபோது, தேவையான மெத்தனால் முழுவதையும் ஒரேயடியாக ஊற்றினேன். காரத்தில் செய்து பழகிய கை. மறுநாள் பார்த்தால் எண்ணெய் எண்ணெயாகவே இருந்தது. நொதி பழையது போலிருக்கிறது என்று நினைத்துப் புதிதாகப் போட்டேன், அதுவும் அப்படியே. தவறு நொதியில் இல்லை. எண்ணெயில் மெத்தனால் ஓரளவுக்குத்தான் கரையும். கரைந்த மெத்தனால் நொதியைப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. கரையாமல் தனித் துளியாக நிற்கும் மெத்தனால்தான் எமன். அந்தத் துளி உருண்டையின் துளைக்குள் புகுந்து, நொதி தன் வடிவத்தைக் காக்கப் பிடித்துவைத்திருக்கும் கொஞ்சநஞ்ச நீரையும் உறிஞ்சி எடுத்துவிடுகிறது.

இதைத் தெளிவாகக் காட்டி வழியும் சொன்னது ஜப்பானில் யூஜி ஷிமாடாவின் குழு, 1999-ல். ஒரு மூலக்கூறு எண்ணெய்க்கு மூன்று மூலக்கூறு மெத்தனால் தேவை. அதில் ஒன்றரையைத் தாண்டி ஒரே நேரத்தில் போட்டாலே நொதி செயலிழப்பதைக் கண்டார்கள். ஆகவே மூன்று தவணையாகப் போட்டார்கள். முதல் தவணை எஸ்டராக மாறிவிட்டால் அந்த எஸ்டரே அடுத்த தவணை மெத்தனாலைக் கரைத்து வைத்துக்கொள்கிறது. 30 டிகிரியில் 48 மணி நேரத்தில் 98.4 சதவீதம் மாறியது. அதே நொதியை 50 முறை, அதாவது 100 நாள், திரும்பப் பயன்படுத்தியும் மாற்றம் 95 சதவீதத்துக்குக் கீழே இறங்கவில்லை. நொதி முறையால் பயோடீசல் செய்ய முடியும் என்ற நம்பிக்கைக்குப் பெரிய காரணம் இந்த வேலைதான்.

இன்னொரு வழி கரைப்பான். டெர்ஷியரி பியூட்டனால் என்ற ஆல்கஹால் மெத்தனாலையும் கரைக்கும், கிளிசராலையும் கரைக்கும். அதன் வடிவம் பருமனானதால் லிப்பேஸ் அதைத் தொடுவதில்லை. ஒரே தவணையில் மெத்தனாலைப் போட்டுவிடலாம். சீனாவின் ஹுனான் மாகாணத்தில் 2006-ல் ஆண்டுக்கு 20,000 டன் அளவில் தொடங்கிய ஆலை இந்த முறையில் அமைந்தது. ஆனால் அந்தக் கரைப்பானைக் காய்ச்சி மீட்க வேண்டும், அதற்கு வெப்பச் செலவு. தீப்பற்றும் இன்னொரு திரவமும் ஆலைக்குள் வந்துவிடுகிறது.

மெத்தனாலுக்குப் பதிலாக மெத்தில் அசிடேட் போடும் முறையும் உண்டு. நொதிக்கு அது சுகம். அளவு நிறைய வேண்டும், அதன் செலவு பெரும்பாலும் கட்டுப்படியாவதில்லை.

எத்தனால் போட்டால்?

போடலாம். நொதியை மெத்தனால் அளவுக்கு வாட்டாது, எண்ணெயில் கரைவதும் அதிகம். கிடைப்பது எத்தில் எஸ்டர். எஞ்சினுக்கு அதுவும் நல்ல எரிபொருள்தான். ஆனால் ஐரோப்பியத் தரம் இஎன் 14214 மெத்தில் எஸ்டருக்காக எழுதப்பட்டது. விற்கப் போகிறீர்கள் என்றால் முதலில் அதை யோசியுங்கள்.

கிளிசரால் ஏன் தொல்லை கொடுக்கிறது?

மெத்தனால் சட்டென்று கொல்வது. கிளிசரால் மெல்ல மூச்சை அடைப்பது. வினையில் உண்டாகும் கிளிசரால் எண்ணெயிலும் கரையாது, எஸ்டரிலும் கரையாது. நொதி ஒட்டியிருக்கும் துளைகளுக்குள்ளேயே பிறந்து, அங்கேயே படலமாகப் படிந்துகொள்கிறது. எண்ணெய் உள்ளே வர வழியில்லை. மெத்தனால் மட்டும் அந்தக் கிளிசராலில் நன்றாகக் கரைந்து அங்கே போய்ச் சேர்ந்துகொள்ளும். அப்போது நொதிக்கு இரட்டை அடி.

சிலிகா போன்ற நீர்விரும்பித் தாங்கிகள் கிளிசராலை அதிகம் உறிஞ்சும். நீர்விலக்கும் பிசின் உருண்டையில் இந்தத் தொல்லை குறைவு. ஒவ்வொரு தவணைக்கும் இடையில் கிளிசராலைப் படியவிட்டுப் பிரித்துவிடுவது நல்ல பழக்கம். உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிசுபிசுத்தால் டெர்ஷியரி பியூட்டனாலில் ஒருமுறை அலசி எடுங்கள். செத்துவிட்டது என்று நினைத்த நொதி பலமுறை இப்படி எழுந்து வந்திருக்கிறது.

தண்ணீர் இருக்கலாமா, கூடாதா?

லிப்பேஸ் தன் சீரைன் என்ற அமினோ அமிலத்தில் கொழுப்பமிலச் சங்கிலியை முதலில் வாங்கிக்கொள்கிறது. பிறகு பக்கத்தில் யார் நிற்கிறார்களோ அவர்களிடம் கொடுத்துவிடுகிறது. மெத்தனால் நின்றால் பயோடீசல். தண்ணீர் நின்றால் வெறும் கொழுப்பமிலம். ஆள் பார்த்துக் கொடுப்பதில்லை.

நொதி வடிவம் குலையாமல் இருக்கச் சிறிதளவு நீர் அவசியம். அதற்கு மேல் உள்ள நீர் கொழுப்பமிலமாக வந்து நிற்கும். நோவோசைம் 435-க்கு மிகக் குறைந்த நீர் போதும். தெர்மோமைசிஸ் லிப்பேஸ் இன்னும் கொஞ்சம் கேட்கும். கொழுப்பமிலம் அதிகமுள்ள எண்ணெயில், அது எஸ்டராகும்போதே நீர் உண்டாகும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பொரித்த எண்ணெயை நேராகப் போடலாமா?

கொழுப்பமிலத்துக்குப் பயந்து எதுவும் செய்ய வேண்டாம். ஆனால் துகள்களை வடிகட்ட வேண்டும், தனியாக நிற்கும் நீரைப் பிரிக்க வேண்டும். சுத்திகரிக்காத புது எண்ணெய் என்றால் வேறொரு எதிரி உண்டு: பாஸ்போலிப்பிடு என்னும் பசை. உருண்டையின் துளைகளை அது அடைத்துவிடும். பசை நீக்காத சோயா எண்ணெயைப் போட்டுவிட்டு வினை நடக்கவில்லை என்று வருந்துபவர்கள் நிறைய.

கலக்கும் தொட்டியா, குழாயில் நிரப்பிய படுகையா?

கலக்கும் துடுப்பு உருண்டைகளை அரைத்துவிடும். நொதியைப் பத்து இருபது முறை திரும்பப் பயன்படுத்துவதற்குள் வடிதட்டு அடைக்க ஆரம்பிப்பது இந்த உடைந்த தூளால்தான். உருண்டைகளைக் குழாயில் நிரப்பி எண்ணெயையும் மெத்தனாலையும் அதன் வழியே செலுத்தினால் உடையாது. மூன்று குழாய்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் முன்னால் மெத்தனால் ஒரு தவணை, ஒவ்வொன்றுக்கும் பின்னால் கிளிசரால் படிய ஒரு கலம் என்று அமைப்பது எனக்குப் பிடித்த ஏற்பாடு. மேலிருந்து கீழே செலுத்தினால் கனமான கிளிசரால் தானாகவே இறங்கி வெளியேற உதவியாக இருக்கும்.

செலவு கட்டுப்படியாகுமா?

கணக்குப் போட்டே பார்ப்போம். எண்ணெய் எடையில் 4 சதவீதம் நொதி என்று வையுங்கள். ஒரு டன் எண்ணெய்க்கு 40 கிலோ. ஒருமுறை மட்டும் பயன்படுத்தித் தூக்கிப்போட்டால் ஒரு கிலோ நொதி 25 கிலோ எரிபொருள்தான் தருகிறது. 50 முறை என்றால் 1,250 கிலோ. 100 முறை என்றால் 2,500 கிலோ. காரமோ ஒரு கிலோவுக்கு 100 கிலோ எரிபொருள் தந்துவிட்டுப் போய்விடுகிறது, அதன் விலை நொதியோடு ஒப்பிட்டால் நூற்றுக்கணக்கான மடங்கு குறைவு.

நொதியின் விலை காரத்தைப்போல 500 மடங்கு என்று வைத்தால், வினையூக்கிச் செலவில் மட்டும் சமமாக ஒரு கிலோ நொதி 50,000 கிலோ எரிபொருள் தர வேண்டும். அதாவது 2,000 சுற்று. அந்த ஓட்டத்தில் நொதி ஜெயிக்காது, ஜெயிக்கும் என்று யாரும் உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். நொதி ஈடுகட்டுவது வேறு இடத்தில். பயோடீசலின் அடக்கச் செலவில் பெரும்பங்கு எண்ணெயின் விலை. காரத்துக்கு ஒத்துவராத மலிவான எண்ணெயை எடுத்துக்கொள்ள முடிகிறதா, கழுவுநீர் மிச்சமாகிறதா, உப்பில்லாத கிளிசராலுக்கு நல்ல விலை கிடைக்கிறதா என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலை இங்கே இரண்டு நாள் ஆவதால் தொட்டியும் பெரிதாக வேண்டும். பலர் இதைக் கணக்கில் விட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். பல கட்டுரைகளில் "பத்துச் சுற்றுக்குப் பிறகும் விளைச்சல் குறையவில்லை" என்று படிப்பீர்கள். நொதியைத் தாராளமாகப் போட்டு 48 மணி நேரம் கழித்து அளந்தால், பாதி நொதி செத்திருந்தாலும் மீதிப் பாதி வேலையை முடித்துவைத்திருக்கும். உண்மை தெரிய வேண்டுமானால் ஒவ்வொரு சுற்றிலும் முதல் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு மாறியது என்று அளந்து எழுதுங்கள். அந்த எண் சரிய ஆரம்பித்தால் நொதி போய்க்கொண்டிருக்கிறது.

கிடைக்கும் பயோடீசல் தரத்தில் தேறுமா?

இஎன் 14214 கேட்பது எஸ்டர் குறைந்தது 96.5 சதவீதம், மீதி நிற்கும் அமிலத்தைக் காட்டும் அமில எண் 0.5-க்கு மிகாமல், பிரிந்த கிளிசரால் 0.02 சதவீதத்துக்கு மிகாமல். நொதி முறையில் அடிக்கடி உதைப்பது அமில எண். நீர் மீதமிருக்கும்வரை கொழுப்பமிலம் ஒரு சமநிலையில் நின்றுவிடும், நொதியைக் கூட்டினாலும் இறங்காது. கடைசிக் கட்டத்துக்கு முன் வெற்றிடத்தில் நீரை எடுத்துவிட்டு உலர்ந்த மெத்தனாலோடு மறுபடி நொதிப் படுகையில் செலுத்தலாம். இல்லையென்றால் கொஞ்சம் காரத்தால் மீதி அமிலத்தைப் பிரித்தெடுக்கலாம். இரண்டாவது வழி எளிது, கொஞ்சம் விளைச்சல் போகும்.

இப்போது திரவ நொதி வந்துவிட்டதே?

உண்மைதான். 2014 டிசம்பரில் டென்மார்க்கின் நோவோசைம்ஸ் நிறுவனம் எவர்சா டிரான்ஸ்ஃபார்ம் என்ற திரவ லிப்பேஸை இதற்கென்றே வெளியிட்டது. தாங்கியின் விலை இல்லை, துளை அடைப்பு இல்லை. சில சதவீதம் நீர் கலந்து நன்றாகக் கலக்கினால் நீர்த்துளியின் ஓரத்தில் நின்று வேலை செய்யும். ஆனால் மீட்பது சிரமம், கொழுப்பமிலமும் கூடுதலாக மிஞ்சும். திரவத்தால் பெரும்பகுதியை மாற்றிவிட்டு, நிலைநிறுத்திய நொதியால் கடைசி அமிலத்தைச் சரிசெய்யும் கூட்டணி எனக்கு நியாயமாகப் படுகிறது.

வீட்டில் செய்து பார்க்கலாமா?

வேண்டாம். மெத்தனால் ஆவி சுமார் 12 டிகிரியிலேயே, ஒரு பொறி பட்டால் தீப்பற்றும், பகல் வெளிச்சத்தில் அதன் தீ கண்ணுக்கே தெரியாது. உள்ளே போனால் பார்வை போகும். காய்ந்த நொதித் தூள் மூச்சில் போனால் ஒவ்வாமை வரும், ஒருமுறை வந்தால் பிறகு சிறிதளவும் தாங்காது. காற்றோட்ட அறையும் கையுறையும் உள்ள ஆய்வகத்தில் செய்யுங்கள்.

ஆய்வகத்தில் முதல் சோதனையை எப்படித் தொடங்குவது?

மூடியுள்ள சிறு குடுவையில் சுத்திகரித்த எண்ணெய் 10 கிராம், நோவோசைம் 435 சுமார் 0.4 கிராம். மெத்தனால் மொத்தம் 1.4 மில்லிலிட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். முதலில் 0.46 மில்லிலிட்டர் மட்டும் விட்டு 30 டிகிரியில் குலுக்கியில் வையுங்கள். 10 மணி நேரம் கழித்து அடுத்த 0.46, 24-வது மணி நேரத்தில் கடைசி 0.46. 48 மணி நேரத்தில் நிறுத்தலாம். பக்கத்திலேயே இன்னொரு குடுவையில் மெத்தனால் முழுவதையும் ஒரேயடியாக ஊற்றி வையுங்கள். நொதி போடாத மூன்றாவது குடுவையும் இருக்கட்டும்.

முடிந்ததும் வடிகட்டி, உருண்டைகளைத் தண்ணீரில் கழுவாமல் அடுத்த 10 கிராம் எண்ணெயில் நேராகப் போடுங்கள். இரண்டாம் சுற்றின் முதல் ஒரு மணி நேர அளவைக் குறித்துவைத்தபின், தவணையாகப் போட்ட குடுவையையும் ஒரேயடியாக ஊற்றிய குடுவையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.